உனக்கு வழுவமைதி, எனக்குக் கொச்சையா?

‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் ராசிங்காபுரம்.’

1993இல் கல்லூரியின் முதல் ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று நான் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். ஊரிலிருந்து போடிக்கு ஒரு பஸ், போடியிலிருந்து இன்னொரு பஸ். வந்த வேர்வை கூட அடங்கவில்லை. வாத்தியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ‘அப்படியா, இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கியா? எப்பப்பா வந்து சேருவ?’ வகுப்பே சிரித்தது. என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

எனக்கு அடுத்து எழ வேண்டியவன் என் கூட்டாளி, எங்க தெருக்காரன். அவன் எழுந்து ‘நோ சார்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். எதுக்கு ‘நோ’ என்று வாத்தியாரும் கேட்கவில்லை. அடுத்த பொங்கலுக்குள் படிப்பை விட்டுவிட்டு, விடியக்காலை ஜீப்பில் ஏறி பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் கடன் இருந்தது. ஆனால் கடன் எனக்கும்தான் இருந்தது.

ஒரு மாசம் கழித்து அதே வாத்தியார் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஐ ஆம் ஹேவிங் டூ டாட்டர்ஸ்’ என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ரென் அண்டு மார்ட்டின் ஒன்று கிடைத்து, அதை நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க ஒரு வருசம் ஆனது. அதற்கப்புறம்தான் தெரிந்தது: உடைமையைச் சொல்லும்போது ‘ஹேவ்’ என்பதை நிகழ்காலத் தொடர்வினையில் சொல்லக் கூடாதாம். என் வாக்கியத்தில் இருந்த அதே ‘தப்பு’தான் அவருடையதிலும் இருந்தது. நான் ‘வந்துகொண்டே’ இருந்தேன் என்றால் அவருக்கும் இரண்டு பெண்கள் ‘இருந்துகொண்டே’ இருந்தார்கள். தப்பு ஒன்றுதான், வாய்தான் வேறு.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் பெரிய ரகசியமில்லை. தமிழில் ‘வர்றேன்’ என்ற ஒரே சொல், இப்போது நடந்து வருவதையும் குறிக்கும், தினமும் வருவதையும் குறிக்கும், ‘ராசிங்காபுரத்துல இருந்து வர்றேன்’ என்று ஊரையும் சொல்லும். ஆங்கிலம் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. தமிழ் தெரிந்த மூளை ஒரு கணக்கோடுதான் அந்த வாக்கியத்தைக் கட்டுகிறது. அது மடத்தனம் இல்லை.

சரி, இது ஆங்கிலத்தின் கோளாறு, நம்ம தமிழில் இப்படியெல்லாம் இல்லை என்று தமிழ்ப் பற்றாளத் தோழர்கள் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். நம்ம இலக்கணத்தில் இதற்குத் தனியாக ஒரு அறையே கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பேர் வழுவமைதி. பிழைதான், ஆனால் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட பிழை. எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொன்னால் அஃறிணை உயர்திணை ஆகிவிடுகிறது. ஆனால் மகிழ்ச்சியில் சொன்னது, ஆகவே குற்றமில்லை, அது திணை வழுவமைதி. உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு என ஐந்து காரணத்தால் திணையும் பாலும் மாறி வந்தாலும் அது இயல்புதான் என்கிறது நன்னூல். ஐந்தாவது காரணத்தை இன்னொரு தடவை படியுங்கள். இழிப்பு! மாட்டை உயர்திணை ஆக்குவதற்கு ஒரு விதி. என் தாத்தாவைப் பற்றி ‘அது எங்க போச்சு, வேலைக்கு வரலையா’ என்று சம்சாரி வீட்டுப் பையன் கேட்டதற்கும் அதே விதி. பவணந்தியார் சாதியை நினைத்து இதை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊரில் அந்த விதி எந்தப் பக்கம் பாய்ந்தது என்பது நமக்குத் தெரியும்.

இன்னும் முந்திப் போனால் தொல்காப்பியம். கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா இருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உயர்த்திச் சொல்ல வந்தது, இலக்கண முறைப்படியான சொல் அல்ல என்பது அதன் கருத்து. அதாவது ‘அவர் வந்தார்’ என்று ஒரு ஆளைச் சொல்வதே கறாராகப் பார்த்தால் வழு! ஒரு ஆளுக்கு அவன், அவள் என்பதுதான் இலக்கணம். பெரிய மனிதர்களுக்காக அந்த இலக்கணம் வளைந்து கொடுத்திருக்கிறது. வளைந்ததும் நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ‘அவர்’ எங்க தெருவுக்குள் வர எத்தனை நூற்றாண்டு ஆனது? இன்னும் முழுசாக வந்துவிட்டதா? வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று மரபியல் சொல்லிவிட்டது. யார் அந்த உயர்ந்தோர் என்ற கேள்விக்கு அந்தணரை முன்னால் நிறுத்தி உரை சொன்னவர்களும் உண்டு. மற்றவர்கள் பேசுவதற்கு உரைகளில் வேறொரு பேர் புழங்குகிறது: ‘இழிசனர் வழக்கு’. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது, இதெல்லாம் ஒரு மொழியா, கொச்சை என்று மூக்கைப் பிடித்தவர்கள் இந்த உரைகாரர்களின் பேரப்பிள்ளைகள்தான். அந்தப் புத்தகமே லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கிலத்தில் வந்து கிராஸ்வேர்ட் பரிசு வாங்கிய பிறகு பல்கலைக்கழகங்களில் பாடமானது. தமிழில் கொச்சை, இங்கிலீஷில் இலக்கியம்!

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். ஏனென்றால் நம்ம பிள்ளைகள் இன்றைக்கு மாட்டிக்கொண்டிருப்பது அங்கேதான். 2012-13லிருந்து அரசுப் பள்ளிகளில் பரவலாக ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்துவிட்டன. எங்க தெருப் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள்.

ஆங்கில இலக்கண விதிகள் ஏதோ மலையிலிருந்து இறங்கி வந்தவை போல நம்ம வாத்தியார்கள் பேசுவார்கள். பலவற்றுக்கு வயசு முந்நூறு வருசம் கூட இல்லை. ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் 1762இல் ஒரு சின்ன இலக்கணப் புத்தகம் போட்டார். பின்னாளில் அவர் லண்டன் பிஷப் ஆனார். ஷேக்ஸ்பியர், மில்டன், ஏன், ஆங்கில பைபிளில் கூடப் பிழை பிடித்து அடிக்குறிப்பு எழுதினார். இவர்களுக்கெல்லாம் ஆங்கிலம் தெரியாதா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தக் காலத்துப் படித்தவர்களுக்கு இலத்தீன்தான் அளவுகோல். நம்மூரில் வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் தமிழுக்கு வடமொழிச் சட்டையைப் போட்டுப் பார்த்த மாதிரி. (புத்தமித்திரர் பௌத்தர் என்பதால் நம்ம தோழர்கள் சிலருக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. வந்தாலும் உண்மை உண்மைதான்.)

விதி ஒன்றும் வழக்கு ஒன்றுமாக இருக்கும்போது யார் ஜெயிக்கிறார்கள் என்பதற்கு ஆங்கிலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ‘ஐ’ என்பதோடு ‘ஆர்’ சேராது என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். ஆனால் ‘நான் இல்லையா’ என்று கேட்க வேண்டிய இடத்தில் படித்த இங்கிலீஷ்காரர்கள் ‘ஆர்ன்ட் ஐ’ என்றுதான் கேட்கிறார்கள். விதிப்படி அப்பட்டமான தப்பு, ஆனால் யாரும் சிவப்பு மை வைப்பதில்லை. அதே இடத்தில் கூலிக்காரனும் கறுப்பின மக்களும் சொல்லும் ‘எய்ன்ட்’ காட்டுமிராண்டித்தனம். இத்தனைக்கும் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் மேட்டுக்குடியும் அதைச் சொன்னது. 1961இல் வெப்ஸ்டர் மூன்றாம் அகராதி அந்தச் சொல்லை விரட்டாமல், பேசுகிறார்கள் என்று பதிவு செய்ததற்கே அமெரிக்கப் பத்திரிகைகள் உலகம் அழிந்துவிட்டது போலக் கத்தின. ஆர்ன்ட் ஐ வழுவமைதி, எய்ன்ட் கொச்சை. ஊர் மாறினாலும் கதை மாறவில்லை.

இன்னொன்று, இது நம்ம நெஞ்சுக்கு நெருக்கமானது. ‘யூ’ என்பது முன்பு பன்மை. ஒருமைக்கு ‘தௌ’ என்று தனிச்சொல் இருந்தது. பெரியவர்களை ‘யூ’ என்றும் கீழானவர்களை ‘தௌ’ என்றும் சொல்வது வழக்கமாகிப் போனது. நம்ம ‘நீங்க’, ‘நீ’ மாதிரியேதான். 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் இதை எதிர்த்தார்கள். நீதிபதியானாலும் பிரபுவானாலும் ஒரு ஆள் ஒரு ஆள்தான் என்று எல்லோரையும் ‘தௌ’ என்றார்கள், தொப்பியையும் கழற்ற மறுத்தார்கள். உதை வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். அவர்கள் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660இல் ஒருமை பன்மையை வாத்தியார்களுக்கே கற்பிக்கிறேன் என்று சக வேலைக்காரர்களோடு சேர்ந்து ஒரு பெரிய புத்தகம் போட்டார். ஒருத்தனைப் பன்மையில் அழைப்பது இலக்கணப் பிழை என்பது அவர் வாதம். கவனியுங்கள் தோழர்களே, இங்கே இலக்கண விதி சமத்துவத்தின் பக்கம் நிற்கிறது, வழக்கு ஆண்டைகள் பக்கம் நிற்கிறது! கடைசியில் ஜெயித்தது வழக்குதான். ஆனால் வேறு மாதிரி ஜெயித்தது. ‘தௌ’ செத்துப் போய் எல்லோருக்கும் ‘யூ’ ஆகிவிட்டது. எல்லோரையும் நீ என்பதற்குப் பதிலாக எல்லோரும் நீங்கள். ஆங்கிலத்தின் மேல் நமக்கு ஒரு ஈர்ப்பு இருக்கிறதென்றால் அதற்கு வேலைவாய்ப்பு மட்டும் காரணமில்லை, இந்த ‘யூ’வும் ஒரு காரணம். போடியில் ஏலக்காய்க் கடை முதலாளியை நான் ‘யூ’ என்றால் அவரும் என்னை ‘யூ’தான் என்றாக வேண்டும். தமிழில் அந்த வசதி இல்லை.

ஆணா பெண்ணா என்று சொல்லாமல் ஒருத்தரை ‘தே’ என்று பன்மையில் சொல்வதை வைத்து இன்று ஆங்கில நாடுகளில் ஒரு கூச்சல் நடக்கிறது. பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே அந்த வழக்கு உண்டு. 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அதை ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது. இந்திய அரசின் 1897 பொது உட்பிரிவுகள் சட்டம் ஒருமை பன்மையையும் குறிக்கும், ஆண்பால் பெண்பாலையும் அடக்கும் என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிட்டது. அதிகாரத்தில் இருப்பவனுக்கு இலக்கணம் எவ்வளவு லேசாக வளைகிறது பாருங்கள்.

நாங்கள் படித்த அந்தக் காலத்தில், 1990-91இல், ‘இங்கிலீஷ் டுடே’ என்ற இதழில் ஒரு பெரிய சண்டை நடந்தது. எனக்கு அது தெரிய வந்தது பல வருசம் கழித்து. ஒரு பக்கம் ராண்டால்ஃப் குவர்க். மக்கள் நிஜமாக எப்படி ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று 1959லிருந்து உட்கார்ந்து சேகரித்த ஆள். அவரே, இந்தியா போன்ற நாடுகளின் ஆங்கிலங்களைத் தனித் தரமாக ஏற்க முடியாது, வாத்தியார்கள் தாய்மொழியாளரின் தரத்தோடு தொடர்பில் இருக்க வேண்டும், சாதாரண மாணவனை ஏமாற்றக் கூடாது என்று எழுதினார். மறுபக்கத்தில் காஷ்மீரத்துப் பண்டிதர் பிரஜ் கச்ரு. இந்திய ஆங்கிலத்துக்குத் தனி வரலாறு இருக்கிறது, அதைக் குறைபாடாகப் பார்ப்பது மேலைநாட்டுத் திமிர் என்பது அவர் வாதம். விடுதலை இயக்கக்காரன் என்ற முறையில் கச்ரு பக்கம் நிற்க எனக்கு ஆசைதான். ஆனால் நின்று பார்த்தால் அங்கே எனக்கு இடமில்லை. அவர் வாதாடிய இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்கள் ராஜாராவ் மாதிரியான எழுத்தாளர்கள். விதி முழுக்கத் தெரிந்தவன் விதியை உடைத்தால் அது நடை. ‘மைசெல்ஃப் முருகன்’ என்று நேர்காணலில் சொல்பவனுக்கு எந்தப் பேராசிரியரும் வக்காலத்து வாங்கவில்லை. லண்டன் மேட்டுக்குடிக்கும் இந்திய மேட்டுக்குடிக்கும் நடந்த பாகப்பிரிவினை அது. அதில் வாய்க்கால் வரப்புத் தகராறு இருக்கலாம், நம்ம நிலம் அதில் இல்லை.

நமக்குக் கிட்டத்தில் வருவது ஓக்லாண்ட். 1996 டிசம்பர் 18 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் பள்ளிக் குழு, கறுப்பினப் பிள்ளைகள் வீட்டில் பேசும் பேச்சுக்கு ஒரு ஒழுங்கு உண்டு, அதை மதித்து அதன் வழியாகவே பொது ஆங்கிலம் கற்பிப்போம் என்று தீர்மானம் போட்டது. நாடே கேலி செய்தது. ஜெஸ்ஸி ஜாக்சன் கூட முதலில் எதிர்த்துவிட்டு அப்புறம்தான் மாறினார். அவர்கள் பேச்சில் ‘ஹி பி வொர்க்கிங்’ என்றால் வழக்கமாக வேலைக்குப் போகிறவன். ‘ஹி வொர்க்கிங்’ என்றால் இந்த நிமிசம் வேலையில் இருக்கிறான். தப்பு என்று அடிக்கப்பட்ட பேச்சுக்குள் இப்படி ஒரு நுட்பமான விதி! இதைத்தான் லபோவ் போன்றவர்கள் அறுபதுகளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1979இல் ஆன் ஆர்பர் நகரத்து வழக்கில் நீதிமன்றமே, பிள்ளைகளின் வீட்டுப் பேச்சை வாத்தியார்கள் தெரிந்துகொள்ளாதது படிப்புக்குத் தடை என்று தீர்ப்புச் சொன்னது. 1993இல் எங்க வாத்தியாருக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் இங்கேதான் நான் என் தம்பிமார்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. மக்கள் பேசுவதே மொழி, மக்கள் வழக்கே இலக்கணம், விதி எல்லாம் பார்ப்பனியம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எங்க மலைச்சரிவில் இது பாதி உண்மை. இங்கிலீஷ்காரனின் ‘லைன்’ வீட்டை மூணாறிலும் இலங்கை மலையகத்திலும் ‘லயம்’ என்று நம்ம ஜனங்கள் ஆக்கினார்கள். போடியில் காய் தரம் பிரிக்கிற பெண்களிடம் ‘போல்டு’ என்றால் என்ன என்று கேளுங்கள். பெரிய காய் என்பார்கள். அகராதியைப் பார்த்த பிள்ளை தைரியம் என்று சொல்லும். ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்பது அக்மார்க் தரப் பெயர். அம்மாக்காரி சொன்னதுதான் அங்கே சரி. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் நம்ம ஜனங்கள், போனஸை இருபது சதத்திலிருந்து பத்தாகக் குறைத்ததை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டத்தில் விடாமல் தாங்களே போராடி இருபதை வாங்கினார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பேர் ‘பெம்பிளை ஒருமை’. புலவர் பார்த்தால் ‘பெண்பிள்ளை’ என்று திருத்துவார். ‘ஒருமை’ என்றால் எண், ‘ஒற்றுமை’ என்று எழுது என்பார். மலையாளமும் தமிழும் கலந்த வாயிலிருந்து வந்த அந்தப் பேரைத் திருத்தியிருந்தால் அதில் உயிர் இருந்திருக்காது.

மீதிப் பாதி என்ன? வழக்கு என்றால் பேச்சு மட்டுமா? தனிக் குவளையும் ‘எங்க ஊர் வழக்கம்’ என்றுதான் சொல்லப்பட்டது. செருப்பைக் கையில் தூக்கிப் போவதும் வழக்கம். கிழவனை வா போ என்பதும் வழக்கம். 1989இல் போடிப் பக்கம் எரிந்தபோதும் சிலர் வழக்கத்தைக் காப்பாற்றுவதாகத்தான் சொன்னார்கள். பறையடித்த நம்ம ஜனத்தின் பேரைத் தூக்கிப் போய் ‘பரையா’ என்று ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் நாலு நூற்றாண்டாக எழுதுகிறார்கள். அகராதிக்காரனைக் கேட்டால், நான் என்ன செய்வேன், வழக்கைப் பதிவு செய்கிறேன் என்பான். வழக்கின் முன்னால் மண்டியிடச் சொல்கிறீர்களா தம்பி? எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, 1922இல் அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தாரே, அது வழக்கா? அது விதி! நாம் போட்ட விதி. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், ஆள் பார்க்கச் சாதிப் பேரைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம். ‘பேச்சு வழக்கில் சொன்னேன் அய்யா’ என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவனுக்கு எதிராக நாம் விதியைத்தான் கையில் எடுக்கிறோம். அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதிய ஆங்கிலத்தில் ஒரு கமா கூட இடம் மாறி இருக்காது. எதிரி அர்த்தத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் இலக்கணத்தில் ஒளிந்துகொள்ள அவர் இடம் கொடுக்கவில்லை.

அதற்காக, 2010இல் உத்தரப் பிரதேசத்துப் பாங்கா கிராமத்தில் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத்துக்குக் கோயில் கட்டக் கால்கோள் போட்டது மாதிரி நானும் கும்பிட வேண்டுமா? அவர் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் சாமி என்று ஆகிவிட்டால் பூசாரி வந்துவிடுவான்.

இந்தச் சண்டை எல்லாம் இப்போது எனக்குக் கிளம்பக் காரணம் மலையடிவாரத்தில் ஒரு ஊரில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை நடத்துகிற வகுப்பு. போன மாசம் கடிதம் எழுதும் பயிற்சி. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, தண்ணீர் வரவில்லை என்று அதிகாரிக்கு மனு எழுதியது. ‘அவர் காலனி இஸ் நாட் ஹேவிங் வாட்டர் சின்ஸ் த்ரீ டேஸ்.’ எங்களில் மூத்தவர், ஓய்வு பெற்ற வாத்தியார், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், சிவப்புப் பேனாவை எடுத்து ‘ஹேவிங்’, ‘சின்ஸ்’ இரண்டையும் சுழித்தார். எம்.ஏ. படிக்கிற தம்பி பாய்ந்துவிட்டான். ‘தண்ணி வரலைங்கறது விளங்குதா இல்லையாண்ணே?’

‘விளங்குது தம்பி. விளங்குனதுக்கப்புறம் சிரிப்பான்ல, அதுக்குத்தான்.’

‘சிரிக்கிறவனைத் திருத்துங்க. பிள்ளைய ஏன் திருத்துறீங்க?’

‘அவன் எங்கிட்ட வகுப்புக்கு வரமாட்டேங்கறானே!’

ஒரு மணி நேரம் ஓடியது. குவர்க்கும் கச்ருவும் எங்க சாவடியில் வந்து உட்கார்ந்த மாதிரி. கடைசியில் அந்தப் பிள்ளைதான் கையைத் தூக்கியது. ‘சார், காலனின்னு எழுதலாமா? அது எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே.’

எங்கள் மூன்று பேருக்கும் முகம் செத்துவிட்டது. வினைச்சொல்லுக்காக அடித்துக்கொண்ட நாங்கள் யாரும் அந்தப் பெயர்ச்சொல்லைப் பார்க்கவே இல்லை. ஆங்கில அகராதியில் காலனி என்றால் குடியேற்றம். மதுரையில் பேங்க் காலனி, ரயில்வே காலனி என்றால் கௌரவம். எங்க பக்கம் வெறுமனே ‘காலனி’ என்றால் ஒரே அர்த்தம்தான், ‘காலனிப் பய’ என்றால் அதைவிடத் தெளிவான அர்த்தம். 2025 ஏப்ரலில்தான் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அந்தச் சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். பேர் போனால் சுவர் போய்விடுமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்தச் சொல் தொண்டையில் முள்ளாக நின்றிருக்கிறது, எங்களுக்குப் பழகிப் போயிருக்கிறது. நான் முதல் நாள் வகுப்பில் சேர்ந்து சிரித்தேனே, அந்த மாதிரிப் பழக்கம்.

வகுப்பில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். விதியைச் சொல்லிக் கொடுப்போம், ஆனால் இது யார் போட்டது, எப்போது போட்டது என்று சேர்த்துச் சொல்வோம். பிள்ளை தமிழ்க் கணக்கில் கட்டிய வாக்கியத்தை முதலில் பலகையில் எழுதி, ஏன் அப்படி வந்தது என்று பேசிவிட்டுத்தான் மற்றதை எழுதுவோம். தப்பு என்று சொல்ல மாட்டோம், ‘ஆபீஸ்ல இப்படிக் கேப்பாங்க’ என்று சொல்வோம். வகுப்பில் எந்தப் பிள்ளையையும் வாத்தியார் ‘நீ’ என்று கூப்பிடக் கூடாது என்பதையும் தம்பி சேர்த்துவிட்டான். அண்ணனுக்கு அது மட்டும் வாயில் வர மாட்டேன் என்கிறது. ‘வாங்க பாப்பா’ என்பது வரைக்கும் வந்திருக்கிறார்.

அந்த மனுவில் ‘காலனி’ ‘ஸ்ட்ரீட்’ ஆனது. ‘சின்ஸ்’ ‘ஃபார்’ ஆனது. ‘ஹேவிங்’ மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றது பிள்ளை. எதுக்கும்மா என்று அண்ணன் கேட்டார்.

‘இப்பவும் வரலையே சார்.’